இணையம் மெதுவா? முதலில் ரூட்டரைப் பாருங்கள்

இரவு எட்டரை மணி. வரவேற்பறையில் தாத்தா நாடகம் பார்க்கிறார். அப்பா சாப்பாட்டு மேசையில் அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் இருக்கிறார். கடைசி அறையில் மகளுக்கு இணையவழித் துணைப்பாட வகுப்பு. திடீரென்று, “அம்மா, லைன் போயிடுச்சு!” என்று அறையிலிருந்து குரல் வருகிறது.

மறுநாளே கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறும் பேச்சு தொடங்கிவிடும். மாதக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்பு ஒரு கேள்வி: உங்கள் ரூட்டர் எங்கே இருக்கிறது?

பல வீவக வீடுகளில் அது ‘பாம் ஷெல்டர்’ எனப்படும் பாதுகாப்பு அறைக்குள், அரிசி மூட்டைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே இருக்கும். கம்பி வெளியே தெரியாமல் இருப்பது நமக்கு வசதிதான். ஆனால், அந்த அறையின் சுவர் இரும்புக் கம்பிகள் வைத்துக் கட்டிய கான்கிரீட், கதவோ எஃகு. வைஃபை அலைகளுக்கு அதைவிடப் பெரிய தடை வீட்டில் வேறில்லை.

எளிய சோதனை

மடிக்கணினியை லேன் கம்பியால் நேரடியாக ரூட்டருடன் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். பிறகு கம்பியைக் கழற்றிவிட்டு, சிக்கல் உள்ள அறைக்குச் சென்று வைஃபையில் சோதியுங்கள். முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது மிகக் குறைவாக இருந்தால், குறை பெரும்பாலும் திட்டத்தில் இல்லை. அலை வந்து சேரும் வழியில் இருக்கிறது. கம்பியிலேயே வேகம் குறைவு என்றால் இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கலாம்.

ரூட்டரை வீட்டின் நடுப்பகுதியில், தரையில் வைக்காமல், திறந்த இடத்தில் வையுங்கள். மீன் தொட்டி, குளிர்பதனப் பெட்டி, பெரிய கண்ணாடி ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். பாதுகாப்பு அறைக்குள்தான் ஃபைபர் இணைப்பு முடிகிறது என்றால், வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள லேன் முனைகள் வழியாக ரூட்டரை வெளியே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். அந்த அறையின் சுவரில் துளையிடக் கட்டுப்பாடுகள் உண்டு. தன்னிச்சையாகத் துளையிட வேண்டாம்.

இரண்டு அலைவரிசைகள்

பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டு ரூட்டர்களின் நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. அலுவலகக் கூட்டத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ், தூரத்து அறையில் உள்ள மின்விசிறி, விளக்கு போன்ற ஸ்மார்ட் சாதனங்களுக்கு 2.4 என்று பிரித்துக்கொள்ளலாம். தொலைக்காட்சி போன்று இடம் மாறாத சாதனத்துக்கு லேன் கம்பியே சிறந்தது. அப்படியும் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால் மட்டும் ‘மெஷ்’ சாதனம் வாங்குவது பற்றி யோசியுங்கள்.

சாவி யாரிடம்?

ரூட்டர் வேகத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் வாசல். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், மாற்றப்படாத ஆரம்பக் கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, இணையத்தளங்களைத் தாக்கப் பயன்படுத்தியது. அந்தச் சாதனங்களின் உரிமையாளர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை.

சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் 13 முதல், விற்பனைக்கு வரும் வீட்டு ரூட்டர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரங்களை நிறைவு செய்யவேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆரம்பக் கடவுச்சொல் என்ற பழக்கத்துக்கு அத்துடன் இடமில்லை. அதற்கு முன்பு வாங்கிய ரூட்டர் என்றால் நீங்கள்தான் கவனிக்கவேண்டும்.

செய்யவேண்டியவை நான்கு:

• வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.

• பாதுகாப்பு முறையில் WPA3 இருந்தால் அதையும், இல்லையென்றால் WPA2வையும் தேர்ந்தெடுங்கள்.

• மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்படும்படி வையுங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் ரூட்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

• விருந்தினருக்கும் ஸ்மார்ட் சாதனங்களுக்கும் தனி ‘கெஸ்ட்’ இணைப்பு கொடுங்கள். அலுவலக மடிக்கணினி இருக்கும் இணைப்பில் அவை கலக்கவேண்டாம்.

இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். இந்த வார இறுதியில் பாதுகாப்பு அறையின் கதவைத் திறந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை வெளியே எடுங்கள். கூடுதல் கட்டணத் திட்டம் தேவையா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.