மன்னாரிலிருந்து சிவனொளிபாத மலைக்கு: இறக்கத்தை முதலில் யோசியுங்கள்

கீரிக் கடற்கரையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மேடு கண்ணில் படாது. மன்னார்த் தீவு முழுக்க மணலும் பனையும்தான். அதனாலோ என்னவோ, இங்கிருந்து சிவனொளிபாத மலைக்குப் போக நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “ஏற முடியுமா?” என்பதைத்தான். ஏறலாம். எழுபது வயது அம்மாமாரும் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஆட்களை உண்மையில் வருத்துவது இறக்கம். ஆகவே திட்டத்தையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஹற்றன், மஸ்கெலியா வழியாகப் போய்ச் சேரும் நல்லதண்ணி அடிவாரமே ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால், நீங்கள் காலால் ஏறுவது ஆயிரம் மீற்றரளவுதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார்: ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். அந்தக் கணக்கில் இந்த மலைக்குக் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் வரும். அது பழகிய கால்களுக்கான கணக்கு. நீங்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க மூன்று.

கடற்கரை மணலில் தினமும் நடக்கிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். மணல் நடை கெண்டைக்காலையும் மூச்சையும் பலப்படுத்தும், நல்லதுதான். ஆனால் படி இறங்கும்போது வேலை செய்வது முன்தொடைத் தசை. ஒவ்வொரு படியிலும் அது நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கி, பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய சேதம் ஏற்படும். அதன் உளைவு அன்றைக்கே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கதிரையிலிருந்து எழும்பும்போது தெரியும். இதற்கு மருந்து முன்கூட்டியே இறங்கிப் பழகுவதுதான். ஒன்றிரண்டு வாரத்துக்கு முன் ஒருமுறை நன்றாக இறங்கியிருந்தாலே தசை அடுத்த முறை குறைவாகப் பாதிக்கப்படும். மாடிக் கட்டடம் எது கிடைத்தாலும் சரி, அரை மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். வசதியிருந்தால் ஒரு நாள் மிகிந்தலைக்குப் போய்வாருங்கள். மதவாச்சி தாண்டினால் அதிக தூரமில்லை. அங்கே 1,800க்கு மேற்பட்ட கருங்கல் படிகள் உண்டு. இதைவிட நல்ல ஒத்திகை நமக்குக் கிட்டத்தில் கிடையாது. முழங்கால் வாதம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை. அப்போதுதான் வழி நெடுக மின்விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். மற்ற மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் காற்றும் அட்டையும்தான். முதல்முறை போகிறவர்கள் அப்போது போகவேண்டாம். தை, மாசி மாதங்களின் வாரநாள்தான் என் தெரிவு. போயா நாளிலும் வார இறுதியிலும் உச்சிக்குக் கிட்டப் படியில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும்.

பெரும்பாலானோர் நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கி, சூரிய உதயத்தையும் மறுபக்கம் விழும் மலையின் முக்கோண நிழலையும் பார்க்கிறார்கள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மன்னாரிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் வந்த உடம்போடு, நித்திரையும் இல்லாமல் ஏறினால், இறங்கும்போது கால் நடுங்கும். நல்லதண்ணியில் இரவு தங்கித் தூங்குங்கள். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஒன்பதரைக்கு உச்சி, ஒரு மணியளவில் அடிவாரம். பதினொரு மணிக்கு எந்தப் படியில் நின்றாலும் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே எல்லாரும் பேசி முடிவெடுங்கள். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். இரும்புக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு உச்சிப்படியில் நிற்கும் நேரமல்ல அது.

குளிரை நம் ஆட்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறரைப் பாகை அளவு குறையும். மன்னாரில் விடியற்காலை 25 பாகை என்றால் உச்சியில் பத்துத்தான், காற்றடித்தால் அதைவிட மோசம். காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதன் முக்கால் பங்குதான் என்பதால் மூச்சு சீக்கிரம் வாங்கும். பயப்பட வேண்டாம், மெதுவாக ஏறினால் போதும். இந்த உயரத்தில் மலைநோய் வருவது அரிது.

பையில் ஒரு கம்பளி மேலாடை, மழைச்சட்டை, ஒன்றரை லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம். பனங்கட்டி எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது, அதைவிட நல்ல வழிச்சாப்பாடு வேறில்லை. தடித்த காலுறை ஒரு சோடி மேலதிகமாக எடுங்கள்: உச்சியில் செருப்பைக் கழற்றவேண்டும், ஈரச் சிமெந்தின் குளிர் எலும்புவரை ஏறும். பொலித்தீன், பிளாஸ்ரிக் குப்பையைப் போட்டுவிட்டு வராதீர்கள். மலையைச் சுற்றியிருப்பது 1940இலிருந்து பாதுகாக்கப்பட்ட காடு. 2010இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது.

1344இல் உலகப் பயணி இபின் பதூதா இந்த மலையில் ஏறியபோது செங்குத்தான இடங்களில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்தே ஏறினார்கள். இன்று படியும் கைபிடியும் உண்டு. இறங்கும்போது அந்தக் கைபிடியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை லேசாக மடித்து, சின்ன அடியாக வையுங்கள், ஓடவேண்டாம். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையும் உச்சியில்தான் வந்து சேர்கிறது. அதில் இறங்கினால் மலையின் மறுபக்கம் போய்ச் சேருவீர்கள், வழியும் மிக நீளம். முதல் படியில் கால் வைக்குமுன் “நல்லதண்ணி வழி இதுதானே?” என்று கடைக்காரரிடமோ பொலிஸ்காரரிடமோ கேளுங்கள். கீழே வந்ததும் உடனே பஸ் ஏறாமல் அன்றிரவும் அங்கேயே தங்குங்கள். மறுநாள் திரும்பும்போது பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நாலடி நடந்துகொண்டால், கால் விறைக்காமல் ஊர் சேரலாம்.