பழைய கார்கள் இரண்டு: எதை வாங்குவது?

சேமிப்பைக் கொண்டு பழைய கார் வாங்க விழையும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்த பின்னரே கடனுக்காக நம்மை அணுகுகின்றனர். விலையையும் நிறத்தையும் ஒப்பிடும் அளவுக்கு, வண்டிக்கு எஞ்சியுள்ள ஆண்டுகளை அவர்கள் ஒப்பிடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பதிவாகி 13 ஆண்டுகளான பெட்ரோல் கார் ஒன்று 1,50,000 ரூபாய்க்கும், 10 ஆண்டுகளான மற்றொன்று 2,50,000 ரூபாய்க்கும் வருகின்றன. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே முதல் வண்டிக்கு 2 ஆண்டுகளும் அடுத்ததற்கு 5 ஆண்டுகளும் எஞ்சியுள்ளன. விலையை அவற்றால் வகுத்தால், மலிவான வண்டிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாயும் மற்றதற்கு 50,000 ரூபாயும் ஆகின்றன. கணக்கு தோராயமானதே, தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு, பல மாநிலங்களில் பசுமை வரியும் உண்டு, சோதனைக்கு முன் செய்யவேண்டிய பழுதுபார்ப்போ தனிச் செலவு. மேலும், வண்டியின் வயது கூடக் கூடக் கடனுக்கான கால அளவு குறையும். மாதத் தவணை உயரும்.

டெல்லிப் பதிவு எண் கொண்ட டீசல் கார் வியக்கத்தக்க மலிவில் வந்தால், காரணத்தை ஆராய வேண்டும். 10 ஆண்டுகள் கடந்த டீசல் வண்டிகள் மீது 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை விதித்தது முதலாக, அத்தகைய வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விற்பனைக்கு வருகின்றன. வாங்குவோர் ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் பெறுவதுடன், தம் மாநிலத்தின் சாலை வரியையும் செலுத்த வேண்டியிருக்கும்.

நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது பதிவுச் சான்றிதழில் உள்ள கடன் குறிப்பு. 'கடனை எப்போதோ அடைத்துவிட்டேன்' என்று விற்பவர் கூறுவது போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் சான்றிதழுடனும் அது கையொப்பமிட்ட படிவம் 35-உடனும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, அக்குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். இதைச் செய்யாத விற்பனையாளர் பின்னர் ஊர் மாறிவிட்டால், பணம் கொடுத்தவர் பெயருக்கு வண்டி மாறாமலேயே நிற்கும். இரண்டு கார்களுள் ஒன்றின் தாள்கள் மட்டும் தெளிவாக இருப்பின், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தேனும் அதையே தேர்வது நலம்.

வண்டியைக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கையில் சென்று பாருங்கள்; முன்பே சூடேற்றி வைத்த என்ஜின் பல குறைகளை மறைக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை: 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கிலோமீட்டர் கணக்கை சர்வீஸ் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். மீட்டர் 40,000 காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கத் தேய்ந்திருந்தால், ரப்பரையே நம்பலாம்.

வாங்கிய பின் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' அவருக்கே உரியது, வண்டியுடன் வராது. ஆகவே பிரீமியம் அவர் கூறிய தொகையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதையும் இரு வண்டிகளின் விலையுடன் முன்கூட்டியே சேர்த்துக் கொள்ளுங்கள்.