சிலிண்டர் நான்கு மாதம் வருகிறதா?

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ தனியாக இருக்கும் அம்மாவுக்கு, சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் தினமும் போன் செய்கிறான். "சாப்பிட்டாச்சாம்மா?" "ஆச்சுப்பா." "மாத்திரை?" "போட்டாச்சு. நீ உன் உடம்பைப் பாத்துக்கோ." இரண்டு நிமிடத்தில் மகனுக்கு நிம்மதி. ஞாபகம் தேய்ந்துவருகிறவர்களுக்கும் இந்தப் பதில்கள் நாக்கிலேயே இருக்கும். பேத்தியின் பெயர் மறந்த பிறகும் "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா" மறக்காது. தீபாவளிக்கு நேரில் போனால் தெரிந்துவிடுமா? அதுவும் சந்தேகம்தான். பிள்ளைகள் வந்திருக்கும் இரண்டு நாளுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். முறுக்குப் பிழிவார், பேரனோடு கோயிலுக்குப் போவார். கார் தெருமுனை தாண்டியதும் படுத்தால், எழுந்திருக்க மூன்று நாள் ஆகும்.

அதனால் பேச்சை விட்டுவிட்டு வீட்டைப் பார்ப்பது நல்லது. முதலில் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு ஒன்று தீர்ந்துகொண்டிருந்த வீட்டில் நான்கு மாதமாகப் புக் செய்யவில்லை என்றால், சிக்கனம் என்று மெச்ச வேண்டாம். சமையல் நின்றுபோயிருக்கிறது, காப்பியிலும் ரஸ்க்கிலும் பொழுது ஓடுகிறது. சிலிண்டர் புக்கிங் பல வீடுகளில் மகனின் செல்போன் எண்ணில்தான் இருக்கிறது என்பதால், ஊருக்குப் போகாமலே கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி இது. நேரில் போனால் அடிப்பிடித்துக் கறுத்த பால் பாத்திரங்கள், ஃப்ரிட்ஜில் புளித்துப் பொங்கிய மாவு, ஒரே நாளில் மூன்று பாக்கெட் பால். மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மாதம் முடியும் தருவாயில் இருபது மாத்திரை மிச்சம் இருந்தாலும் ஆபத்து. பத்தாம் தேதியே தீர்ந்துபோயிருந்தால் அதைவிட ஆபத்து.

நடைப் பக்கத்துச் சுவரையும் ஒரு பார்வை பார்க்கலாம். இடுப்புக்குச் சற்று மேலே, எண்ணெய்ப் பிசுக்கேறிய கைத்தடங்கள் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை வரிசையாகப் போனால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம் நடக்கிறது. தினசரி காலண்டரில் போன வாரத் தேதி அப்படியே நிற்கலாம். இத்தனை வருடம் கெடு தவறாமல் கரண்ட் பில் கட்டிய அப்பாவின் வீட்டில் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கலாம். வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் இருந்த இடத்தில் இரண்டு இழை மட்டும் இருக்கலாம். குனிந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் மெடிக்கல் ஷாப்காரருக்கும் இதெல்லாம் முன்பே தெரியும். பிள்ளைகள் கேட்டால் சொல்வார்கள். கேட்பதுதான் இல்லை.

இரண்டு பேர் இருக்கும் வீடு இன்னும் நன்றாக ஏமாற்றும். அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்கு மறதி. அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே "உப்புப் போட்டாச்சு, மறுபடி போட்டுடாதே" என்று குரல் கொடுப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள். அப்பா போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து எல்லோரும் கிளம்பும்போதுதான் அம்மா தடுமாறுவது கண்ணில் படுகிறது. "துக்கத்துல இப்படி ஆயிட்டா" என்பார்கள் உறவினர்கள். துக்கம் நிஜம். ஆனால் மறதி அந்தத் துக்கத்துக்கு இரண்டு மூன்று வருடம் மூத்தது.

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-ல் வகுத்த அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். முதுமையில் பெரும்பாலும் இதே வரிசையில்தான் இவை கைவிட்டுப் போகின்றன. முதலில் போவது குளியல். வழுக்கும் தரை, வாளியில் குனிந்து மொள்வது, கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றுவது என்று நம் குளியலறையில் அத்தனையும் பயம் தருபவை. "குளிச்சாச்சு" என்று சொல்லும் அம்மாவின் துண்டு காய்ந்தே இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மருந்து, பணம், சமையல், கடைக்குப் போவது போன்றவற்றுக்கு 1969-ல் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் வேறொரு பட்டியல் தந்தார்கள். குளியலுக்கும் முன்பே ஆட்டம் காண்பவை அவை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று கொள்கிறார்கள்.

அதற்காக உடனே, கவனிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட வேண்டாம். இரண்டு வருடமாக மெல்ல வந்த தடுமாற்றம் வேறு, இரண்டு நாளில் வந்தது வேறு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றினால் அது மருத்துவமனை விஷயம். சோடியம் இறங்கியிருக்கலாம், சிறுநீரை அதிகம் போக்கும் பிபி மாத்திரைகளால் வயதானவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. காய்ச்சலே இல்லாமல் சிறுநீர்த் தொற்று வந்திருக்கலாம். சாப்பிடாமல் சுகர் மாத்திரை போட்டிருக்கலாம். மெல்ல வந்த மறதியிலும் பி12 குறைவு, தைராய்டு, காது கேளாமை போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் ஒளிந்திருக்கும். முதியோர் மருத்துவம் படித்தவர்கள் இப்போது இருக்கிறார்கள். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை கொண்ட அரசு மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

உதவி தேவையா என்று பார்க்கும்போது கூடவே இருக்கும் மகளையும் மருமகளையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எண்பத்தைந்து வயது அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பவர் பல வீடுகளில் அறுபது வயது மகள். அவருக்கும் முதுகு வலி, அவருக்கும் சுகர். இரவில் நான்கு முறை எழுந்திருப்பவர் பகலில் எரிந்துவிழுகிறார் என்றால், அம்மாவின் நிலை எப்படி இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 சதவிகிதம் என்பது மக்கள்தொகைக் கணிப்பு. இந்தச் சுமை முழுவதையும் மருமகள்கள் தலையிலேயே வைத்துவிட முடியாது.

ஆள் வைக்கலாமா என்று கேட்டதும் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும். "எனக்கென்ன, கை கால் விளங்காமயா போச்சு? முன்னப்பின்ன தெரியாத ஆளு வீட்டுக்குள்ள எதுக்கு?" இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐம்பது வருடம் தன் கையில் இருந்த சமையலறையை ஒரே நாளில் யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? இருபத்து நான்கு மணி நேர ஆளோடு ஆரம்பிக்காமல், குளிக்கும் நேரத்துக்கு மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் ஒருவர் வரட்டும். அப்பாக்களுக்குக் 'கவனிக்க ஆள்' என்றால் ரோஷம் வரும். பேங்க்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக ஒரு பையன் என்றால் ஒத்துக்கொள்வார்கள். இடுப்பு எலும்பு முறிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவசரத்துக்குக் கிடைப்பவரை ஏற்பதைவிட, நன்றாக இருக்கும்போதே அறிமுகமான முகம் எவ்வளவோ மேல்.

வசதி இல்லாதவர்களுக்கு, 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளும் பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. முதியோருக்கான உதவி எண் 14567. ஆனால் தினமும் குளிப்பாட்டிச் சோறூட்ட ஆள் வேண்டுமென்றால் இன்றைக்கும் சொந்தக் காசுதான்.

கவனித்துக்கொள்ள வரும் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ஆளே நிக்கிறதில்லை" என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில், அவர் எங்கே படுக்கிறார், எந்தத் தட்டில் சாப்பிடுகிறார், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார் என்று விசாரித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். சாதி கேட்டு ஆள் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. சேரும் அன்றே சம்பளத் தேதி, இரவில் தூங்கும் நேரம், மாத விடுப்பு, அந்த நாட்களில் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் பேசி, இரண்டு தரப்பும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.