கைகாட்டி மரம் சொல்லும் பாடம்

என் தம்பி மகள் பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்குக் கோபாலபுரம் வந்தவள், "பெரியப்பா, வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல எங்கள் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைக்கப்போகிறார்கள். நான்கு கம்பெனிகள் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். எதை எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. பிறகு பழைய கைகாட்டி மரம் நினைவுக்கு வந்தது.

கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும். கீழே சாய்ந்தால் போகலாம். கேபினிலிருந்து வரும் கம்பி அறுந்துவிட்டால்? எதிர் எடை இழுத்து, கை தானாகவே 'நில்' என்று காட்டிவிடும். வண்டி தாமதமாகலாம், விபத்து நேராது.

ஏர் கனடா விமான நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் பாட்டியை இழந்த ஒருவர், துக்கத்துக்காகப் பயணம் செய்வோருக்கான சலுகைக் கட்டணம் பற்றி அதன் இணையதள உதவியாளரிடம் கேட்டார். டிக்கெட் வாங்கிய பிறகும் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ வேறு. பணம் தர மறுத்தார்கள். உதவியாளர் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றுகூட வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. ஊரில் சாவு என்றால் அடித்துப்பிடித்து டிக்கெட் வாங்கி ஓடிவரும் நமக்கு அந்த வலி புரியும்.

இத்தகைய உதவியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஐ.ஆர்.சி.டி.சி.யே 2018 அக்டோபரில் 'ஆஸ்க் திஷா'வைக் கொண்டுவந்தது. ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பணம் எப்போது வரும் என்பது போல ஆயிரம் பேர் கேட்கும் ஒரே கேள்விக்கு இயந்திரம் அலுக்காமல் பதில் சொல்லும்.

ஆகவே தம்பி மகளிடம் நான்கு யோசனைகள் சொன்னேன்.

ஒன்று, விற்பவர் கொண்டுவரும் கேள்விகளை விட்டுவிட்டு, உங்களுக்கு வந்த பழைய புகார்களில் நூறை எடுத்து நான்கிடமும் கொடு.

இரண்டு, அவற்றுள் விதிப்புத்தகத்தில் விடையே இல்லாத கேள்விகளையும் கலந்து வை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மனிதரிடம் ஒப்படைக்கிறதா, கதை கட்டுகிறதா என்று பார். வாடிக்கையாளர் முதலிலிருந்து மறுபடி சொல்லும்படி ஆகக்கூடாது.

மூன்று, எங்கள் எல்லைப்புறத்தார் போலத் தமிழும் மலையாளமும் கலந்து கேட்டுப் பார்.

நான்கு, தவறான பதிலால் நஷ்டம் வந்தால் யார் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு.

"அழகாகப் பேசுவதற்கு எத்தனை மார்க் பெரியப்பா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"கைகாட்டிக்கு வர்ணம் பூசுவது கடைசி வேலை அம்மா. முதலில் கம்பியை அறுத்துப் பார்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இத்தகைய குழுக்களில் இருக்கலாம். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.