விமானியின் தலையணி

பழைய போர் விமானி ஒருவரின் புகைப்படத்தைக் காணும்போது, அவர் தலையை இறுகப் பற்றியிருக்கும் தோல் குல்லாய் நம் கண்ணை முதலில் கவரும். அதனைக் கவசமென்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மெல்லிய தோலாலாகிய அக்குல்லாய் பலத்த அடியைத் தாங்க வல்லதன்று. குளிர்காற்றைத் தடுத்தல், செவிக்கருவியைக் காதோடு பொருத்துதல், சுவாச முகமூடியை நழுவாது பிடித்தல் ஆகிய மூன்றுமே அதன் பணிகள். இப்பணிகள் மாறியவாறே தலையணியின் உருவமும் மாறிற்று.

முதலில் செவியைக் கவனிப்போம். திறந்த விமானத்தில் இயந்திர இரைச்சலுக்கும் காற்றின் ஓலத்துக்கும் இடையே ஆசிரியரின் சொல் மாணவனுக்குக் கேளாது. 1917-இல் இங்கிலாந்திலுள்ள காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்பார் விமானப் பயிற்சியைச் சீர்திருத்தினார். அவ்வூரின் பெயராலேயே வழங்கும் பேசுங்குழாய் அப்பயிற்சி முறையோடு பரவிற்று. மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பைப் போன்றே அது குரலை வெறுங்குழாய் வழியே செவிக்குக் கொணர்ந்தது; மின்சாரம் வேண்டுவதில்லை. ‘டைகர் மாத்’ போன்ற பயிற்சி விமானங்களிலும் அது நெடுநாள் பயன்பட்டது.

1940-இல் நிகழ்ந்த பிரிட்டன் வான்போரில் ராயல் விமானப்படையினர் அணிந்த ‘பி’ வகைக் குல்லாயில், காதுகளின்மேல் புடைத்த தோல் உறைகளும் அவற்றைத் திறக்க ஜிப்பும் இருந்தன. அதனுள் பேசுங்குழாயையும் வைக்கலாம். ரேடியோ செவிக்கருவியையும் வைக்கலாம். அடுத்து வந்த ‘சி’ வகையில் ரப்பர்க் கிண்ணங்கள் செவிக்கருவியைத் தாங்கின. வெப்ப நாடுகளில் பறப்போருக்கெனப் பருத்தித் துணிக் குல்லாய்களும் செய்யப்பெற்றன.

அடுத்தது மூச்சு. ஏறத்தாழ 10,000 அடிக்கு மேல் பிராணவாயுவின் குறை உடலைத் தாக்கத் தொடங்கும். 25,000 அடி உயரத்தில் உதவியின்றி இருப்பவர் சில நிமிடங்களிலேயே செயலறியும் திறனை இழப்பார். இதில் கொடியது யாதெனின், நோவு எதுவும் தோன்றாமையே. மதுவுண்டவரைப் போல மகிழ்ச்சியாகவே இருந்து, தம் பிழையைத் தாமே உணராது அவர் மயங்கிவிடுவார். ஆகவே முகமூடி சற்றே நழுவினும் உயிருக்குக் கேடு. வெளிவிடும் மூச்சின் ஈரம் முகமூடியில் பனிக்கட்டியாக உறைவதும் பேரிடராக இருந்தது. தொடக்கத்தில் துணியாலான முகமூடிகள் பின்னர் ரப்பரால் அமைந்தமை, அவை முகத்தோடு செம்மையாகப் பொருந்த உதவிற்று.

பேச்சிலும் ஒரு வேற்றுமை உண்டு. பிரிட்டிஷார் ஒலிவாங்கியை முகமூடிக்குள்ளேயே வைத்தனர். ஜெர்மானியரோ கழுத்தைச் சுற்றிக் கட்டி, தொண்டையின் அதிர்வை வாங்கும் கருவியைக் கொண்டனர். கோடைக்காலத்துக்கென அவர்கள் வலைபோலப் பின்னிய மேற்பகுதியுடைய குல்லாயையும் அணிந்தனர்.

ஜெட் விமானம் வந்தபின் நிலைமை முற்றிலும் மாறிற்று. அதன் வேகத்தில் விமானியின் தலை கூண்டின் சுவரில் மோதினால் தோல் காக்காது. விமானியை ஆசனத்தோடு வெளியே எறியும் அமைப்பில், 1946 ஜூலை 24 அன்று பெர்னார்ட் லிஞ்ச் என்பவர் ‘மீட்டியர்’ விமானத்திலிருந்து வெற்றியுடன் வெளியேறிக் காட்டினார். அவ்வாறு எறியப்படுவோரின் தலைக்கும் காப்பு வேண்டுமன்றோ! எனவே, 1950-களில் பிரிட்டிஷ் விமானிகள் செவிக்கருவி தாங்கிய துணிக்குல்லாயின்மீது கடினமான ஓடு ஒன்றைத் தனியே கவிழ்த்து அணிந்தனர். தலையணி மெய்யாகவே கவசமானது அப்பொழுதுதான். இந்திய விமானப்படையும் 1948-இல் ‘வாம்பயர்’ விமானங்களைப் பெற்று ஜெட் யுகத்தில் புகுந்தது.

இனி அருங்காட்சியகம் ஒன்றில் பழைய தலையணியைக் கண்டால், அதன் தோலின் பளபளப்பில் மயங்காமல் காதுறையையும் முகமூடி பொருத்தும் கொக்கிகளையும் நோக்குக. ஒரு காலத்துக் குல்லாயில் வேறு காலத்து முகமூடி மாட்டப்பட்டிருப்பின், அது பொய்ச் சான்றாகிவிடும். உரிய உறுப்புகளோடு நின்றால், அது எக்காலத்தது, எவ்வுயரத்தில் எந்த அபாயத்துக்கு அஞ்சிச் செய்யப்பட்டது என்பதனை அதுவே நமக்கு உரைக்கும்.