98 வயதில் ஒரு வழக்கு

2013 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஃப்ரெட் கும்மரோ. அப்போது அவருக்கு வயது 98. செயற்கை டிரான்ஸ் கொழுப்பைத் தடை செய்யக் கோரி 2009இல் மனு கொடுத்திருந்தார். 180 நாளில் வரவேண்டிய பதில், நான்கு ஆண்டுகளாகியும் வரவில்லை.

அந்தப் பிடிவாதம் பழையது. இதய நோயால் இறந்தவர்களின் ரத்தக்குழாய்த் திசுவில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை 1957லேயே 'சயின்ஸ்' இதழில் எழுதியவர் அவர். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திப் பாதி கெட்டியாக்கும்போது இது உண்டாகிறது. நம் ஊர் வனஸ்பதியும் இந்த வழியில் வந்ததுதான். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும். ஊர் உலகமே முட்டையையும் வெண்ணெயையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்த காலத்தில் கும்மரோ சொன்னது எடுபடவில்லை. (அவர் முட்டையை விடவில்லை; 102 வயதுவரை வாழ்ந்தார். அதை மட்டும் ஆதாரமாக வைத்து ஆம்லெட் போட வேண்டாம்!) 2015இல் அந்த நிர்வாகம் இறங்கிவந்தது. தடை 2018இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் இல்லை.

இந்தியாவில் 2022 ஜனவரி முதல், உணவிலுள்ள மொத்த எண்ணெய், கொழுப்பில் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் அளவைப் போட்டாக வேண்டும். 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்று அச்சிட, 100 கிராமில் 0.2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிக்கல் பாக்கெட்டில் இல்லாததில்தான். பேக்கரித் தட்டில் அடுக்கிய பஃப்ஸுக்கும், கண்ணாடி ஜாடி பிஸ்கட்டுக்கும், மிக்சருக்கும் லேபிள் ஏது? எதில் செய்தது என்று கடைக்காரரைக் கேட்கலாம். அவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40: வாங்கிய பண்டத்தை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்க எந்த நுகர்வோருக்கும் உரிமை உண்டு. ஒரே நிபந்தனை, சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, பண்டம் விதிமீறல் என்று அறிக்கை வந்தால் அது திரும்பக் கிடைக்கும். அந்த அறிக்கை மாவட்ட நியமன அலுவலருக்கும் போகும். மேல்நடவடிக்கை அவர் பொறுப்பு. தரக்குறைவான உணவு விற்றால் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. இவ்வளவு நல்ல பிரிவைப் பயன்படுத்துபவர்கள் அரிது என்பதே என் வருத்தம்.

சோதனைவரை போக முடியாதவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரடியாகப் புகார் தரலாம். புகாருக்குப் பில் வலு சேர்க்கும்; அதில் கடையின் உணவுப் பாதுகாப்பு உரிம எண் அல்லது பதிவு எண் இருப்பது கட்டாயம். அடுத்த முறை பேக்கரியில் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.