குதிரைக்கு எந்த ரத்தச் சோதனை?

குதிரைக்குக் காய்ச்சல் வருகிறது. இரண்டு நாளில் விடுகிறது. மறுபடியும் வருகிறது. தீனி தின்றாலும் உடம்பு இளைக்கிறது. ஈறு வெளுக்கிறது. அடிவயிறும் கால்களும் வீங்குகின்றன. இது சர்ரா நோயாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் இதைப் பரப்புகின்றன. மருந்து கொடுக்காவிட்டால் குதிரை பிழைப்பது அரிது.

நோய்க் கிருமி ரத்தத்தில் இருக்கும். 1880ஆம் ஆண்டில் கிரிஃபித் இவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரில், குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் பார்த்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது.

இன்றும் முதல் சோதனை அதுதான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி புழுவைப் போல நெளியும். செலவு குறைவு. உடனே முடிவு தெரியும். ஆனால் கிருமி நிறைய இருந்தால்தான் கண்ணில் படும். காய்ச்சல் ஏறும்போது கிருமி பெருகும். இறங்கும்போது குறையும். அதனால் காய்ச்சல் அடிக்கும் நாளிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை "கிருமி இல்லை" என்றால் நோய் இல்லை என்று நினைக்காதீர்கள்.

கழுதை விஷயம் இன்னும் சிக்கல். கிருமி இருந்தும் பல கழுதைகள் நன்றாகவே சுமை சுமக்கும். ரத்தத்தில் கிருமி கொஞ்சம்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஆனால் அதைக் கடித்த ஈ பக்கத்தில் நிற்கும் குதிரையையும் கடிக்குமே!

இதற்கு எலிசா சோதனை உதவும். இது கிருமியைத் தேடாது. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடும். திருடனைப் பிடிக்காமல் காலடித் தடத்தைப் பார்ப்பது போல. நோய் தொற்றிய முதல் சில நாட்களில் தடம் இருக்காது. குணமான பிறகும் பல மாதம் தடம் இருக்கும்.

மூன்றாவது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே வகைதான். கொஞ்சம் கிருமி இருந்தாலும் காட்டும். செலவு அதிகம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். கிருமி ரத்தத்தை விட்டு மூளைக்குப் போயிருந்தால் இதிலும் தப்பிவிடும்.

நம் விவேக் நகரிலிருந்து வடக்கே போனால் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதையும் தாண்டி, எலகங்காவில், கால்நடை நோய்களை ஆராயும் மத்திய அரசின் நிவேதி நிறுவனம் இருக்கிறது. எந்தச் சோதனை வேண்டும் என்று டாக்டர் சொல்வார். முன்பு சர்ராவுக்கு ஊசி போட்டிருந்தால், எந்த மாதம் போட்டது என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால், எலிசா காட்டுவது பழைய தடமா, புதிய நோயா என்று அவராலும் சொல்ல முடியாது.